முடி நிறுக்கும் காசு

“அஸ்ஸலாமு அலைக்கும், ஃபேனை நிப்பாட்டின?”

சுஹறா ராத்தாவுக்கு இரண்டும் ஒரே மூச்சில்தான் வரும். செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்பார். பதில் வரும்வரை வாசற்படியைத் தாண்ட மாட்டார். உள்ளே யாராவது ஓடிப்போய் சுவிட்சைத் தட்டியதும், சுற்றி ஓயும் இறக்கைகளை நிமிர்ந்து பார்த்து, அவை முழுசாக நின்ற பிறகுதான் “ஆ, இப்ப சரி” என்று காலை எடுத்து வைப்பார். வெளியே ஏப்ரல் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். அறைக்குள் பிள்ளைத்தாய், அவளுடைய உம்மா, மாமி, சாச்சிமார், பக்கத்து வீட்டுக்காரிகளான நாங்கள் எல்லாரும் நெருக்கியடித்துக்கொண்டு வேர்த்து வழிவோம். முந்தானையால் விசிறவும் அனுமதி இல்லை. ஒருமுறை நான் பழைய பேப்பரை மடித்து மெதுவாக விசிறினேன். “டீச்சர், முடி பறந்தா நீங்கதான் பொறுக்கித் தரணும்” என்றார். பேப்பரைக் கீழே வைத்துவிட்டேன்.

பிறந்த ஏழாம் நாள் பிள்ளையின் தலைமுடியை இறக்கி, அந்த முடியின் எடைக்கு வெள்ளியோ வெள்ளியின் பெறுமதியோ ஏழைகளுக்கு ஸதகாவாகக் கொடுப்பது எங்கள் வழக்கம். முடியை இறக்குவதும் அதை நிறுப்பதும் சுஹறா ராத்தாவின் வேலை. கல்முனைக்குடியில் கடற்கரையை ஒட்டிய ஒழுங்கைகளில் பிறந்தவர்களில் பாதிப்பேரின் முதல் மொட்டை அவருடைய கைவண்ணம்தான். இன்று வங்கியில் கழுத்துப்பட்டி கட்டி உட்கார்ந்திருப்பவரையும், சந்தையில் மீன் கூடையோடு கத்துகிறவரையும் அவர் பார்ப்பது முகத்தை அல்ல, தலையை. “இவருக்குப் பொறக்கக்குள்ளயே நடுவால வழுக்க” என்று என் காதில் சொல்வார். சொல்லப்பட்டவருக்கும் கேட்கும்.

ஆள் குள்ளம். மருதமுனைத் தறிச் சாரி, வெள்ளை முக்காடு, வெற்றிலை போடாத வெள்ளைப் பல். கையில் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் புது பிளேட், பஞ்சு, தேங்காயெண்ணெய்ப் போத்தல், சிவப்பு நூலில் இரண்டு பித்தளைத் தட்டு தொங்கும் சின்னத் தராசு எல்லாம் இருக்கும். அவருடைய கணவர் ஷரிபுதீன் காக்கா சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டு, வெளியே ஆண்களோடு உட்கார்ந்துவிடுவார். ஆட்டோவில் ஏற ராத்தா சம்மதிப்பதில்லை. ஆட்டோ குலுக்கினால் தராசுக்குக் கிறுக்குப் பிடித்துவிடுமாம்.

பிள்ளைகளோடு அவர் கதைக்கிற விதமே தனி. நாற்பது நாள் கழியும்வரை எந்தப் பிள்ளையையும் ‘நீ’ என்று சொல்ல மாட்டார். “வாங்க மகன், இரிங்க. கொஞ்சம் தலயக் குடுங்க. நோகாது. நொந்தா அழுங்க, நான் ஒண்டும் சொல்ல மாட்டன்” என்று ஊருக்கு வந்த விருந்தாளியைப் போல நடத்துவார். ஏன் என்று கேட்டால், “வந்து ஏழு நாள்தானே? இன்னும் நம்மளப் பழகல்ல” என்பார். நாற்பதாம் நாள் குளிப்பாட்டி முடித்ததும் மரியாதை முடிந்தது. “டேய், காலத் தூக்குடா” என்று ஆரம்பித்துவிடுவார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. வாசல் பக்கம் ஆண் ஒருவர் செருமினால் போதும், மற்றவர்களுக்குக் கேட்பதற்கு முன் அவருக்குக் கேட்கும். “ஆம்பிளையள் வாறாங்க, மூடுங்க புள்ளயள்!” முதலில் தன் முக்காட்டை இழுப்பார். பிறகு எங்கள் தலைகளை ஒரு சுற்றுப் பார்ப்பார். பிள்ளை பெண்ணாக இருந்தால் அந்தப் பளபளக்கும் மொட்டைத் தலைக்கும் ஒரு துண்டுத் துணி விழும். ஏழு நாள் பிள்ளைக்கு என்ன வெட்கம் என்று யாராவது சிரித்தால், “அவக்கு இல்லாட்டி எனக்கு இரிக்கி” என்பார்.

இனி அந்தக் காசைப் பற்றிச் சொல்ல வேண்டும். தராசின் ஒரு தட்டில் முடியை வைத்தால் மற்றத் தட்டில் ராத்தா வைப்பது படிக்கல் அல்ல, ஒரு பழைய காசு. விரல்நுனி அளவு, கன்னங்கரேலென்று இருக்கும், ஓரம் ஒழுங்கில்லாதது. கல்யாணம் முடித்த புதுசில் ஷரிபுதீன் காக்கா பாலமுனைப் பக்கம் கரைவலை இழுத்தபோது, வலையின் மடியில் கீரி மீனோடும் சிப்பியோடும் வந்தது. தகரம் என்று நினைத்துப் பொஞ்சாதியிடம் விளையாட்டாகக் கொடுத்திருக்கிறார். பசாரில் நகை செய்கிறவர் ஓரத்தை உரசிப் பார்த்து நல்ல வெள்ளி என்று சொன்னார். வெள்ளி என்று தெரிந்த அன்றே அதற்கு இந்த வேலை கொடுக்கப்பட்டுவிட்டது.

எந்தப் பிள்ளையின் முடியும் அந்தக் காசை வென்றதில்லை. முடி மேலே போகும், காசு கீழே போகும். “பாத்தீங்களா? இந்தக் காசுட எடைக்கு வெள்ளி குடுங்க. கூடக் குடுத்தாக் குத்தமில்ல, குறஞ்சாத்தான் குத்தம்” என்று தீர்ப்பு வரும். அறையே மூச்சு விடும். ஃபேன் சுற்றத் தொடங்கும். நான் கணக்குப் படிப்பிக்கிறவள். எப்போதும் ஒரே விடை வருகிற கணக்கை எதற்காக இப்படி வேர்த்து விறுவிறுத்துச் செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியதுண்டு. ஒரு வீட்டில் நகைக்கடை டிஜிட்டல் தராசைக் கொண்டுவந்து வைத்தார்கள். ராத்தா அதைத் திருப்பிப் பார்த்து, “பெட்டறி முடிஞ்சா இது சோப்புப் பெட்டி” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். என் மகள் ஆகிலா தலை நிறைய முடியோடு பிறந்தவள். அவளாவது காசைத் தூக்கிவிடுவாள் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்தது. அவளும் தோற்றாள்.

நிறுத்து முடிந்ததும் அந்தக் காசைப் பிள்ளையின் நெற்றியில் மெல்லத் தொட்டு எடுப்பார். அது சுனாமிக்குப் பிறகு வந்த பழக்கம். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவருக்கு வயல் பக்கத்து வீடொன்றில் முடி இறக்க அழைப்பு. மகள் றுஸ்தா அப்போது சின்னப்பிள்ளை. அவளைச் சைக்கிள் பாரில் இருத்தி, ராத்தாவைப் பின்னால் ஏற்றி ஷரிபுதீன் காக்கா மிதித்துப் போயிருக்கிறார். கடல் வந்தபோது மூன்று பேரும் ஊருக்கு மேற்கே இருந்தார்கள். வீடு இருந்த இடத்தில் கிணற்றுக் கட்டு மட்டும் மிஞ்சியது. பக்கத்து வீடுகளில் மிஞ்சியது அதைவிடக் குறைவு. ராத்தாவின் மடியில் முடிந்திருந்தது அந்தக் காசு மட்டும்தான். அதற்குப் பிறகு அது அவருக்கு வெறும் எடைக்காசாக இருக்கவில்லை. “இது என்னக் கைய புடிச்சிக் கூட்டிப் போன காசு” என்பார். நாங்களும் அதைக் கேட்டு, எங்கள் பிள்ளைகளின் நெற்றியை நீட்டிக்கொடுத்தோம்.

கடந்த ஏப்ரலில் றுஸ்தாவுக்கே பிள்ளை பிறந்தது. ஆண்பிள்ளை, ராத்தாவின் முதல் பேரப்பிள்ளை. ஊரார் பிள்ளைகளின் தலையையெல்லாம் இறக்கிய கைக்குச் சொந்தத் தலை ஒன்று கிடைத்திருக்கிறது. ராத்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. தராசின் சிவப்பு நூலைப் புதுசாக மாற்றினார். பிஸ்கட் டின்னைக்கூடக் கழுவினார்.

றுஸ்தாவின் மாப்பிள்ளை ஸஜாத் மோட்டார் சைக்கிள் திருத்துகிறவர். அழுக்கான எதைக் கண்டாலும் அவருடைய கை சும்மா இராது. என் வீட்டு கேட் பூட்டைக் கேட்காமலே கழற்றிக் கழுவி எண்ணெய் விட்டுத் தந்த நல்ல மனிதர். மாமி இவ்வளவு ஆயத்தம் செய்கிறாரே, நம் பங்குக்கு ஏதாவது செய்வோம் என்று நினைத்தபோது அவர் கண்ணில் பட்டது அந்தக் கறுத்த காசுதான். மாமி குளிக்கப் போன நேரம் பார்த்து அதைத் தேசிக்காய் பிழிந்த புளியில் ஊறப்போட்டு, பற்பசை வைத்துப் பழைய பிரஷ்ஷால் தேய்த்திருக்கிறார்.

ஆறாம் நாள் காலை. நான் முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். சுஹறா ராத்தா வேலிப்பக்கமாக வந்தார். முக்காடு சரியாக இல்லை, அதுவே என்னைப் பயமுறுத்தியது. கையில் அடுப்புக்கரி எடுக்கிற இடுக்கி. இடுக்கியின் நுனியில் வெள்ளை வெளேரென்று ஒரு காசு. பின்னால் ஸஜாத், அடிவாங்கக் காத்திருக்கும் மாணவனைப் போல.

“டீச்சர், காசில உருவம் இரிக்கி. இது ஆரெண்டு பாருங்க. நான் பாக்க மாட்டன்.”

“என்ன ராத்தா இது?”

“நல்லதுக்குத்தான் செஞ்சன் மாமி” என்றார் ஸஜாத்.

“நீ வாய மூடு!” என்றார் ராத்தா. மருமகனை அவர் ஒருமையில் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

ஒரு பக்கத்தில் தாடி வைத்த ஒரு மனிதனின் தலை, நெற்றியைச் சுற்றி இலைமாலை. இடுக்கியைத் திருப்பினார். மறுபக்கத்தில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். மடிப்பு மடிப்பான உடை, துணி மூடாத கைகள், தலையில் முக்காடு இல்லை. இத்தனை வருடம் கறுப்புக்குள் ஒளிந்திருந்தவள் தேசிப்புளியில் குளித்து எழுந்து வந்திருந்தாள். எனக்கு அழகாகத்தான் தெரிந்தது. அதைச் சொல்லக்கூடிய நேரம் அல்ல.

எங்கள் பாடசாலையில் சரித்திரம் படிப்பிப்பவர் கேதீஸ்வரி டீச்சர், பாண்டிருப்புக்காரர். போன் போட்டேன். ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். இடுக்கியிலிருந்து காசைச் சாதாரணமாக எடுத்து உள்ளங்கையில் வைத்தார். ராத்தா “அல்லாஹ்வே” என்று ஒரு அடி பின்னால் போனார். கேதீஸ்வரிக்கு அது தெரியவில்லை, அவருடைய கண் விரிந்துபோயிருந்தது.

“டீச்சர், இது ரோமாபுரிக் காசு. ஆயிரத்து எண்ணூறு வருசத்துக்கு மேல இருக்கும். மிளகு வாங்க, முத்து வாங்க எண்டு இந்தப் பக்கமெல்லாம் வந்த கப்பல் ஆக்கள்ட காசு. யவனர் எண்டு படிச்சிருக்கமே, அவங்கதான்.”

“இந்த ஆம்பிள?” என்றார் ராத்தா தூரத்திலிருந்து.

“அவர் ராசா.”

“மத்தப் பக்கம் அவர்ட பொஞ்சாதியா?”

அந்தக் கேள்வியில் இருந்த ஆசையை நினைத்தால் எனக்கு இப்போதும் பாவமாக இருக்கிறது. பொஞ்சாதி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்று எல்லாம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் கேதீஸ்வரி டீச்சர் பொய் சொல்லத் தெரியாதவர்.

“இல்ல ராத்தா, அது தெய்வம். அவங்க காசில தெய்வங்களைத்தான் போடுவாங்க. போருக்கு ஒண்டு, வெற்றிக்கு ஒண்டு, இடிமுழக்கத்துக்கு ஒண்டு. இந்தா, இவ கையில பாருங்க, தராசு! நேர்மைக்கும் சரியான எடைக்கும் உரிய தெய்வம் இவ. ஈக்விட்டாஸ் எண்டு பேர்.”

தராசு என்ற சொல் ராத்தாவின் காதில் ஏறவில்லை. தெய்வம் என்ற இடத்திலேயே அவர் நின்றுவிட்டார். அப்படியே முற்றத்து மணலில் உட்கார்ந்தார்.

“யா ரப்பே, எத்தின புள்ளயளுக்கு இதால நிறுத்திருக்கன். நெத்தியில வேற தொட்டு வெச்சன். இந்தத் தெருப் புள்ளயள் எல்லாத்துக்கும். உங்கட ஆகிலாக்கும் டீச்சர்.”

பெரிய படிப்புப் படித்தவள் என்று என்னை நானே நினைத்துக்கொண்டிருந்தாலும், பிள்ளையின் பெயரைச் சொன்னால் எந்த உம்மாவுக்கும் படிப்பு கைகொடுக்காது. உள்ளே பாடம் படித்துக்கொண்டிருந்த ஆகிலாவின் நெற்றியை எட்டிப் பார்த்தேன்.

ஆனால் ராத்தாவைத் தின்றது அதுவல்ல என்பது கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

“கடல் வந்த அண்டைக்கி நான் இதத்தான் மடியில முடிஞ்சிருந்தன். இதுதான் காப்பாத்தின எண்டு இவ்வளவு காலமும் மனசுக்குள்ள வெச்சிருந்தன். அப்ப நான் ஆருக்கு நன்றி சொல்லிருக்கன் டீச்சர்? அல்லாஹ்க்கா, இவளுக்கா?”

கேதீஸ்வரி டீச்சரின் முகம் விழுந்துவிட்டது. “நான் வந்து கெடுத்துப் போட்டன் போல” என்றார். பிறகு, மனசு கேட்காமல், “இதத் தொல்பொருள் திணைக்களத்துக்கும் அறிவிக்க வேணும் ராத்தா” என்று சேர்த்தார்.

“மொதல்ல அல்லாஹ்ட தீர்ப்பு வரட்டும் புள்ள. கவர்மெண்டுட தீர்ப்பு மறுகா” என்றார் ராத்தா. இடுக்கியால் காசைத் திரும்ப வாங்கிக்கொண்டார். “நாளைக்கி என்ட பேரப்புள்ளட முடிய நான் தொட மாட்டன். வேற ஆக்களப் பாருங்க.”

வேலிக்கு அப்பால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த றுஸ்தா ஓவென்று அழத் தொடங்கினாள். பிள்ளையும் சேர்ந்துகொண்டது. ஸஜாத் தன் கையிலிருந்த பல் பிரஷ்ஷை ஓங்கி வீசி எறிந்தார். அது என் ரோஜாச் செடியில் போய் விழுந்தது.

அஹ்ஸன் மௌலவியிடம் கேட்போம் என்று நான்தான் சொன்னேன். ராத்தா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“அவர்ட முடியும் இதுலதானே டீச்சர் நிறுத்த!”

அது உண்மை. மௌலவி எங்கள் அடுத்த ஒழுங்கையில் பிறந்தவர், இளம் வயது, அமைதியானவர். பாவம், தன் தலைக்கும் சேர்த்து அவர் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது.

பின்னேரம், அஸர் தொழுகை முடிந்த பிறகு, ராத்தாவும் ஷரிபுதீன் காக்காவும் நானும் மௌலவி வீட்டுக்குப் போனோம். காசு இடுக்கியிலேயே வந்தது. ராத்தா காலையிலிருந்து பச்சைத்தண்ணி கூடக் குடிக்கவில்லை என்று வழியில் ஷரிபுதீன் காக்கா சொன்னார். மௌலவியின் பொஞ்சாதி ஒரு பீங்கான் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். ராத்தா காசை அதில் போட்டுவிட்டு, விடை எழுதத் தெரியாத பிள்ளையைப் போலத் தலையைக் குனிந்துகொண்டார். நான்தான் கதையை ஆதியிலிருந்து சொன்னேன்.

மௌலவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காசை இரண்டு பக்கமும் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

“சாச்சி, றஸூலுல்லாஹ்ட காலத்தில மக்காவிலயும் மதீனாவிலயும் எந்தக் காசு புழங்கின?”

“எனக்கென்ன தெரியும் மகன்.”

“தங்கக் காசு ரூமில, ரோமாபுரியில இரிந்து வந்த. வெள்ளிக் காசு பாரசீகத்தில இரிந்து வந்த. ரெண்டுலயும் ராசாமார்ட முகம் இரிந்த. பாரசீகக் காசில அவங்க வணங்கின நெருப்பும் இரிந்த. அந்தக் காசாலதான் ஏழையளுக்கு ஸகாத் குடுத்தாங்க, பொண்ணுக்கு மஹரும் குடுத்தாங்க. எழுத்து மட்டும் இரிக்கிற காசு அடிச்சது கன காலத்துக்குப் பொறகு, அப்துல் மலிக் கலீபாட காலத்தில. அதுக்கு முந்திக் குடுத்த ஸகாத் ஒண்டும் செல்லாமப் போகல்ல.”

ராத்தாவின் தலை கொஞ்சம் நிமிர்ந்தது.

“நீங்க இதக் கும்பிட்டீங்களா?”

“அஸ்தஃபிருல்லாஹ்!”

“அப்ப என்ன? படிக்கல்லா வெச்சீங்க. கல்ல வெச்சிருந்தாலும் ஒண்டுதான். ஏழைக்குப் போனது வெள்ளி, மனசில வெச்ச நிய்யத்து அல்லாஹ்க்கு. புள்ளயளுக்கு ஒரு குறையும் இல்ல. எனக்கும் இல்ல” என்று தன் தொப்பியைத் தொட்டுக் காட்டினார். “ஆனா அந்த நெத்தியில தொடுற வேல வேணாம் சாச்சி. காசில பறக்கத் இரிக்கி, அது காக்கும் எண்டு நினைக்கிறது, அதுல உருவம் இரிந்தாலும் சரி இல்லாட்டியும் சரி, பிழதான். அத மட்டும் உட்டுடுங்க.”

“சுனாமி அண்டைக்கி?” ராத்தாவின் குரல் மெலிந்திருந்தது.

மௌலவி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அன்று கடல் அவர் வீட்டிலிருந்தும் இரண்டு பேரைக் கொண்டுபோயிருந்தது.

“சாச்சி, அண்டைக்கி உங்கள ஊர உட்டுக் கூட்டிப் போனது காசா? ஒரு வீட்டில புள்ள பொறந்து ஏழாம் நாள். அதுட முடிய இறக்கப் போனீங்க. அந்தப் புள்ளய அந்த நாளில பொறக்க வெச்சது ஆரு?”

“அல்லாஹ்.”

“அப்ப நன்றி சரியான இடத்துக்குத்தான் போயிரிக்கி. விலாசம் கொஞ்சம் பிழயா எழுதியிருந்தாலும்.”

ராத்தா அழுதார். சத்தமில்லாமல், முக்காட்டு நுனியால் கண்ணை ஒற்றி ஒற்றி அழுதார். காலையிலிருந்து என் நெஞ்சிலும் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியபோதுதான் அது எவ்வளவு பாரம் என்று தெரிந்தது. அழுது முடித்ததும் ராத்தா மூக்கைச் சிந்தினார், நேராக உட்கார்ந்தார், மௌலவியின் பொஞ்சாதியைப் பார்த்தார்.

“மகள், தேத்தண்ணி இரிக்கா? திங்க ஏதும் இரிந்தாலும் கொண்டாங்க. என்ன, எல்லாரும் என்னப் பட்டினி போட்டுக் கொல்லப் பாக்கீங்களா?”

தேநீர் வந்தது, வாழைப்பழமும் வந்தது. மூன்றாவது பழத்தை உரிக்கும்போதுதான் அவர் பீங்கான் தட்டை இழுத்து, காசை வெறும் விரலால் எடுத்தார். கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். கேதீஸ்வரி டீச்சர் காலையில் சொன்ன தராசு அப்போதுதான் அவருக்குக் கண்ணில் பட்டது.

“வலக் கையாலதான் புடிச்சிரிக்கா. அது சரி. தட்டு ரெண்டும் மட்டமா நிக்கி.” இன்னும் கொஞ்சம் கிட்டப் பிடித்தார். “ஃபேன நிப்பாட்டிப் போட்டுத்தான் நிறுத்திரிக்கா.”

மௌலவி இப்போது சிரிப்பை அடக்கவில்லை.

திரும்பி வரும்போது இடுக்கி என் கையில் இருந்தது. காசு ராத்தாவின் மடியில் பழைய இடத்தில் முடிந்திருந்தது. ஒழுங்கைச் சந்தியில் ஒரு கணம் நின்றார். “பாவம் டீச்சர்” என்றார். யார் என்று கேட்டேன். “இவதான். நம்மட தொழில்காரி. எவ்வளவு காலமாக் கறுப்புக்குள்ள கிடந்திரிக்கா, நான் ஒரு நாளும் பாக்கல்ல.” தெய்வம் என்ற பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. ஸஜாத்தையும் மன்னித்துவிட்டார் என்பது, வீட்டு வாசலில் “சாப்பிட்டீங்களா மகன்?” என்று பன்மையில் கேட்டதிலிருந்து தெரிந்தது.

ஏழாம் நாள். ஃபேன் நின்றது. நாங்கள் வேர்த்தோம். கேதீஸ்வரி டீச்சரும் வந்திருந்தார். முதல் வரிசையில் இருத்தி, “நீங்கதான் எல்லாருக்கும் முந்தி வேர்க்கணும்” என்று ராத்தா சொன்னார். பேரப்பிள்ளையை மடியில் வாங்கி, “வாங்க வாப்பா, இரிங்க. நான்தான் உங்கட உம்மாட உம்மா. கொஞ்சம் தலயக் குடுங்க” என்றார். பிளேட் ஓடிய தடத்தில் ஒரு கீறல் இல்லை. கை மட்டும் வழக்கத்தைவிட மெதுவாக ஓடியது. முடியைக் கூட்டி எடுத்து ஒரு தட்டில் வைத்தார். மடி முடிச்சை அவிழ்த்து, பளபளக்கும் காசை மற்றத் தட்டில் வைத்தார். காசிலிருந்த பெண் மேல்பக்கமாக விழுந்தாள். தராசை உயர்த்தினார்.

முடி மேலே போனது. காசு கீழே போனது.

“பாத்தீங்களா?” என்றார். சொந்தப் பேரப்பிள்ளையும் தோற்றதில் அவருக்கு இருந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. எங்களுக்கும் அப்படித்தான். அப்பாடா என்று அறையே மூச்சு விட்டது.

தராசை இறக்கிப் பாயில் வைத்ததும் பழக்கதோஷத்தில் கை தட்டுக்குப் போய்க் காசை எடுத்தது. பிள்ளையின் நெற்றியை நோக்கிப் பாதி தூரம் போனது. அங்கே நின்றது. காசைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டுக் குனிந்து, மொட்டை நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்தார். பிள்ளை முகத்தைச் சுளித்து அழத் தொடங்கியது. “அழுங்க, அழுங்க, நான் ஒண்டும் சொல்ல மாட்டன்” என்றார்.

அப்போது வாசல் பக்கம் ஒரு செருமல். பிள்ளைக்குப் பெயர் சொல்ல மௌலவி வந்துவிட்டார், கூடவே ஸஜாத்தும் ஷரிபுதீன் காக்காவும் மற்ற ஆண்களும்.

“ஆம்பிளையள் வாறாங்க, மூடுங்க புள்ளயள்!”

இடக் கையால் தன் முக்காட்டை நெற்றிவரை இழுத்தார். எங்கள் தலைகளை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு, வலக் கை விரல் நுனியால், தட்டில் தராசோடு நின்றிருந்த அந்தப் பெண்ணைக் குப்புறத் திருப்பி, ராசாவை மேலே வைத்தார்.